என்னைப் பற்றி அத்தான் எழுதிய பக்கம்

1

போன வாரம் ஹங்கேரியில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் அனைவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பிராண்ட்" என்று ஒருவர் வகுப்பு எடுத்தார். புடாபெஸ்ட்டிலிருந்து வந்த இளைஞர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, இவர் காலுறை போடாமல் வந்திருக்கிறார். வேலையைச் செய்தால் மட்டும் போதாதாம். செய்தோம் என்று வாரம் ஒருமுறை இணையத்தில் எழுத வேண்டுமாம். நம்மை யாராவது தேடினால் நம்மைப் பற்றி நாம் சொன்னதுதான் முதலில் வர வேண்டுமாம். அப்போதுதான் பதவி உயர்வு, அழைப்பு, மரியாதை எல்லாம் வருமாம். எனக்குக் கொட்டாவி வந்தது. இதையெல்லாம் நான் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரௌசிங் சென்டரில், இவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே செய்து, பட வேண்டியதைப் பட்டு முடித்தவள்.

"வாருங்கள், உங்கள் பெயரைத் தேடுவோம்" என்றார். பெரிய திரையில் ஒவ்வொருவராகத் தேடினார். என் முறை வந்தது. தெய்வக்கனி என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அபூர்வமான பெயர். மிக நல்லது. உடனே கிடைத்துவிடும்" என்றார்.

உடனே கிடைத்தது. அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய பூ, பின்னால் கோவில்பட்டி ஸ்டூடியோக்காரர் திரைச்சீலையில் வரைந்துவைத்த பனிமலை, முன்னால் இருபத்துச் சொச்சம் வயதில் நான். கீழே ஆங்கிலத்தில் உயரம், படிப்பு, கோதுமை நிறம், ஸ்ரீபெரும்புதூரில் பன்னாட்டு நிறுவனத்தில் வேலை, குடும்பப் பாங்கு. அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், திருமணத்துக்குப் பின் வேலையை விடச் சம்மதம்.

பக்கத்தில் இருந்த இல்டிகோ என்னுடைய பிரிவில்தான் வேலை செய்கிறாள். "இதில் கோதுமை எதற்கு வருகிறது?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. நான் அந்தப் பிரிவின் தலைவி. வகுப்பு எடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "புகைப்படம் அழகாக இருக்கிறது, ஆனால் இதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

யாரிடம் சொல்வது? அதைப் போட்டவர் என் அக்காவின் கணவர். அவர் என்னோடு பேசி அப்போது ஆண்டுக்கணக்காகியிருந்தது. பேசாமல் போனதற்குக் காரணமே அந்தப் பக்கம்தான். சிரித்தவர்களுக்கு இதை ஹங்கேரிய மொழியில் விளக்கும் அளவுக்கு எனக்கு இன்னும் அந்த மொழியும் வரவில்லை, பொறுமையும் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

அப்போது நான் கோவில்பட்டியில் டிப்ளமோ முடித்துவிட்டு, செல்போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகளைச் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். பென்னலூர்ப் பக்கம் பெண்கள் விடுதி. அறை முழுக்கத் தெற்கத்திப் பிள்ளைகள். ஒருத்தி ஷிப்டு முடித்து வந்து படுக்கும்போது இன்னொருத்தி எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். ஒரே பாயில் இரண்டு பேர் வாழ்ந்தோம், ஒருத்தியை ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாகப் பார்ப்போம்.

லைனில் எனக்கு உயிர்த்தோழி ஸ்டெல்லா. மண்ணூர்க்காரி, வீட்டிலிருந்தே வேலைக்கு வந்துபோவாள். நான் பேசுவது அவளுக்குச் சிரிப்பு, அவள் பேசுவது எனக்குச் சிரிப்பு.

அந்த நேரத்தில் ஐரோப்பாவில், பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கும் சால்டரில் ஈயம் சேர்க்கத் தடை வரப்போகிறது என்று உலகத்தில் இருந்த அத்தனை தொழிற்சாலைகளும் ஈயமில்லாத சால்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. மாறினால் பலகை கெட்டுப்போகும். எங்கள் லைனிலும் கெட்டது, மலேசியாவிலும் கெட்டது. கடுகைவிடவும் சின்னதாக இருக்கும் உறுப்பு, ஒரு முனை ஒட்டாமல் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். தொழிலில் அதற்குக் கல்லறைக் கல் என்று பெயர். இதையெல்லாம் பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வதுதான் என் வேலை. நான் சரிசெய்வேன், சூப்பர்வைசர் "குட், குட்" என்பார், மேலே போகும் அறிக்கையில் அவர் பெயர் போகும்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் பக்கம் தொடங்கினேன். இலவசமாக இடம் கொடுக்கும் தளங்கள் அப்போது நிறைய. பிரௌசிங் சென்டரில் பெண்கள் உட்காரும் தடுப்புக்கு மட்டும் திரை கிடையாது. பாதுகாப்பாம். போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப் பார்க்க, ஒரே நாற்காலியில் நானும் ஸ்டெல்லாவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, 'கனியின் சால்டர் பக்கம்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தோம். ஓரத்தில் ரோஜாக் கொடி. மேலே ஓடும் எழுத்தில் 'கனியின் உலகுக்கு நல்வரவு'. கீழே வந்தவர் எண்ணிக்கை காட்டும் பெட்டி. அதில் பெரும்பாலான வருகை ஸ்டெல்லாவுடையது. என்னைப் பற்றி எழுதும் இடத்தில் 'தென்னிந்தியாவின் முன்னணி சால்டர் நிபுணர்' என்று போட்டேன். தென்னிந்தியாவில் வேறு சால்டர் நிபுணர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆகவே அது பொய்யும் இல்லை.

"ரொம்ப ஓவராக் கீதுடி" என்றாள் ஸ்டெல்லா.

"இருக்கட்டும். நம்மள நாமளே சொல்லலன்னா யாரு சொல்லப்போறா?"

"அப்ப போட்டோவும் போடு. இன்னாத்துக்கு ரோஜாப்பூ?"

அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணம் ஆகாத பெண் போட்டோவை ஊரறியப் போட்டால் அத்தான் என்ன சொல்வாரோ என்று பயம். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சொல். கம்பெனிக்குள் கேமராவுக்குத் தடை என்பதால், கெட்டுப்போன சால்டர் எப்படி இருக்கும் என்று கணினியிலேயே படம் வரைந்து போட்டேன். பினாங்கிலிருந்து ஒருவர் நன்றி எழுதினார். மெக்சிகோவிலிருந்து ஒருத்தி சந்தேகம் கேட்டாள். பிறகு ஹங்கேரியில் இருந்த எங்கள் கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்தே லாஸ்லோ என்பவர், உன் படத்தைப் பார்த்து எங்கள் லைனைச் சரிசெய்தோம் என்று எழுதினார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

3

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அத்தான் லாரி பார்சல் ஆபீசில் கணக்கு பார்த்தார். மாலையில் எங்கள் சமூகச் சங்கத்தில் துணைச் செயலாளர். கையில் எப்போதும் ஒரு ரெக்ஸின் பை, பேச்சில் எப்போதும் ஒரு மேடை. அவரைக் கோவில்பட்டி பிரௌசிங் சென்டருக்கு அழைத்துக்கொண்டு போய் என் பெயரை அடித்துக் காட்டினேன். என் பக்கம் வந்து நின்றது.

"யாரு தேடுனாலும் நீதான் வருவியா கனி?"

"நான்தான் வருவேன் அத்தான்."

"அது எப்படி? சூட்சுமத்தச் சொல்லு."

சொன்னேன். பெயரைத் தலைப்பில் போட வேண்டும், பத்திக்குப் பத்தி போட வேண்டும், கடைசியில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக நிறையத் தடவை போட்டுவைத்தால் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, தேடும் இயந்திரத்துக்குத் தெரியும் என்றெல்லாம் விளக்கினேன். அப்போது அந்தத் தந்திரம் செல்லுபடியானது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என்னை ஒருவர் இத்தனை கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பெருமைப்பட்டேன். பைத்தியக்காரி.

பொங்கல் கழிந்து ஒருநாள் ஸ்டெல்லா பிரௌசிங் சென்டரிலிருந்து நேரே விடுதிக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாடி கனி, கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? உன் பக்கத்தப் பாக்கலாம்னு பேர அடிச்சேன். பட்டுப்பொடவ கட்டிக்கினு நிக்கிற. வேலைய வேற வுட்டுடுவியாமே?"

சங்கம் இலவச வரன் பக்கம் திறந்திருக்கிறது. பொறுப்பு அத்தான். முதல் வரன் நான். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என் மேலேயே செய்து பார்த்திருக்கிறார், அதுவும் என்னைவிட நன்றாக. வெள்ளை எழுத்தில் என் பெயரை அவர் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்ததில், என் சால்டர் பக்கம் அவருடையதற்குக் கீழே போய்விட்டது.

எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டேன். அவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

"பாத்தியா? எடுத்ததும் நீ வாரியா?"

"யாரக் கேட்டு அத்தான் போட்டீங்க?"

"யாரக் கேக்கணும்? உன் பேரு நெட்டுல வரணும்னு நீதான ஆசப்பட்ட? நீ ரோசாப்பூவப் போட்டு வச்சிருக்க. ரோசாப்பூவ யாரு கட்டுவா? அதான் போட்டோவ நான் போட்டேன்."

"வேலைய விடச் சம்மதம்னு எப்பச் சொன்னேன்?"

"அது எல்லாரும் போடுததுதான் கனி. போட்டாத்தான் நல்ல எடமா வரும். பொறவு விடுததும் விடாததும் நம்ம கையில. நீ ஏன் இதுக்குப் போயி பூத்துக்குக் காசக் குடுத்துக்கிட்டு நிக்க?"

அவர் கெட்டவர் என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபின் என் கடைசி வருடப் படிப்பை முடிக்கவைத்தவர் அவர்தான். அதுதான் தொல்லையே. போனை வைத்துவிட்டு, போகட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

4

நான் இப்போது இருக்கும் ஹங்கேரிய ஊரின் நீளமான பெயரை எழுதினால் அச்சில் ஒரு வரி போய்விடும், விட்டுவிடுகிறேன். இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பார்கள். தண்ணீர் இணைப்புக்கும் கேட்பார்கள், நூலக அட்டைக்கும் கேட்பார்கள். ஊரில் அம்மாவின் பெயர் ரேஷன் அட்டையைத் தாண்டிப் போனதில்லை. முதல்முறை இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எம்பேரையா? எம்பேர வச்சு அவன் என்னத்தச் செய்யப்போறான்?" என்று கேட்டு, பிறகு அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

வந்த புதிதில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் எதிர்வீட்டுச் சிறுவன் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு சொல் சொல்வான். அகராதியில் பார்த்தால் 'முத்தமிடுகிறேன்' என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவன் அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். பெரிய பெண்களுக்குச் சின்னப் பிள்ளைகள் வைக்கும் வணக்கம் அது, கையை முத்தமிடுகிறேன் என்பதன் மிச்சம் என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் நான் பாதியாகச் சுருங்கிவிட்டேன். இன்றுவரை அவள் என்னைப் பார்த்தால் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

முகவரி அட்டை வாங்கப் போனால் 'சு.' என்று புள்ளி வைத்த பெயர் பெயரே இல்லை என்றார்கள். விரித்து எழுதி சுடலைமுத்து தெய்வக்கனி ஆனேன். இவர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பவர்கள், அந்தமட்டில் ஒத்துப்போனது. அதனால் அலுவலகக் கடிதமெல்லாம் திருமதி சுடலைமுத்துவுக்கு வருகிறது. கோவில்பட்டியை விட்டுத் தாண்டாத அப்பா பெயரில் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகள் மதிக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. தூக்கத்தில்கூட ஹங்கேரிய மொழியில்தான் உளறுகிறாள். அக்கா வீடியோவில் வந்தால், "ஹலோ பெரியம்மா, சாப்டீங்களா?" என்பாள். அத்தோடு கையிருப்புத் தமிழ் தீர்ந்துவிடும். நானும் என் கணவரும் வெள்ளிக்கிழமை தமிழ் மட்டும் பேசுவது என்று ஒரு விதி வைத்தோம். வெள்ளிக்கிழமைகளில் வீடு அமைதியாக இருக்கிறது.

வகுப்பு முடிந்த அன்று மாலை, வாரம் ஒரு பதிவு என்ற கட்டளைப்படி, எதையாவது போடுவோம் என்று மதி பனியில் நிற்கும் படத்தைப் போட்டு, இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் என் மகள் என்று எழுதினேன். நூற்றுக்கணக்கில் கைதட்டினார்கள். மதி பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். கத்தவில்லை. "என்னைக் கேட்டாயா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. பெற்றவள் நான், உன்னைக் கேட்க வேண்டுமா என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த வாக்கியம் யாருடையது என்று உடனே தெரிந்ததால் படத்தை எடுத்துவிட்டேன்.

5

அந்த வருடக் கோடையில் லாஸ்லோ ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தார். ஹங்கேரியில் புது லைன் திறக்கிறார்கள், இங்கிருந்து இரண்டு டெக்னீஷியன்கள் இரண்டு வருடத்துக்கு வேண்டும், ஜூலையில் கிளம்ப வேண்டும். சால்டர் பக்கம் எழுதும் பெண் யார் என்று லைனில் வந்து கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் மாதக்கணக்காக அந்தத் திரையில்லாத தடுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பட்டியலில் நான் இல்லை. வேறு ஷிப்டிலிருந்து ஒருவன் இருக்கிறான். ஹெச்.ஆர். அதிகாரியிடம் போனேன். சென்னைக்காரர், நல்லபடியாகப் பேசுகிறவர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"வூட்ல விருப்பமில்லம்மா. நான் பேசினேனே."

"யாருகிட்டப் பேசுனீங்க சார்?"

"உங்க அத்தான்கிட்ட. நெட்ல நம்பர் இருந்துது."

என்னிடம் அப்போது செல்போன் கிடையாது. அதை ஊருக்கெல்லாம் செய்கிற கம்பெனியில் வேலை. வீட்டில் கேட்க எண் வேண்டுமென்று இவர் என் பெயரைத் தேடியிருக்கிறார், பட்டுப்புடவையோடு நான் வந்திருக்கிறேன், கீழே அத்தான் எண். கூப்பிட்டு எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். கம்பெனி அனுப்புகிறது, ஹங்கேரி, இரண்டு வருடம், ஜூலை. அத்தானும் தெளிவாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எங்கள் வீட்டுப் பெண்ணை எங்கும் அனுப்புவதில்லை. ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட்டு, மாப்பிள்ளை சரி என்றால் அனுப்புகிறோம். மாப்பிள்ளை என்று ஒருவர் அப்போது உலகத்திலேயே இல்லை. ஹெச்.ஆர். அதிகாரிக்கு இதில் ஆச்சரியமே வரவில்லை. அவரும் தன் பெண்ணை ஆடியில் அனுப்ப மாட்டார். வீட்டில் சம்மதமில்லை என்று எழுதி என் பெயரை அடித்துவிட்டார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்?"

"உன்ன எதுக்கும்மா கேக்கணும்? நீ போறேன்னுதான் சொல்லுவ."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அத்தான ஒரு வார்த்த சரின்னு சொல்லச் சொல்லு. பேர சேத்துடறேன். லாஸ்லோ சார் வெள்ளிக்கிழமைதான் ஊருக்குப் போறார்" என்றார்.

அன்று சாயங்காலம் பூத்தில் நின்று அத்தானிடம் கெஞ்சினேன். அதுவரை யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"வேண்டாம்னா சொன்னேன்? ஆவணியில போன்னுதான சொல்லுதேன்."

"ஆவணி வரைக்கும் வேலை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது அத்தான்."

"அப்படி ஆடியில போயித்தான் ஆவணும்னா அந்த வேலை நமக்கு எதுக்கு? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அத நீ சொல்லப்படாது கனி."

என் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பதைக்கூட நான் சொல்லக் கூடாதாம். போனை வைத்தேன். ஸ்டெல்லா வெளியே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே பிரௌசிங் சென்டர் பக்கம் நடந்தாள்.

என் பக்கத்தின் உச்சியில் இருந்த நல்வரவை எடுத்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு எழுதினேன். 'என்னைத் தேடி வருபவர்களுக்கு. என் பெயரில் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. ரோஜாப்பூ இருப்பது நான் எழுதியது. என் முகம் இருப்பது என் அக்காவின் கணவர் எழுதியது. நான் எழுதியதில் முன்னணி நிபுணர் என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அவர் எழுதியதில் உயரமும் படிப்பும் வேலையும் மட்டும் உண்மை. நான் வேலையை விட மாட்டேன். ஆடி மாதத்தில் பயணம் செய்யத் தயாராக இருக்கிறேன்.' பிறகு வெள்ளை எழுத்தில் என் பெயரை அத்தானுக்கு மேல் கொட்டினேன். விரல் வலித்ததும் ஸ்டெல்லா கொட்டினாள்.

"உங்க அத்தான் பாத்தா இன்னா ஆவும்?"

"பாக்கட்டும்."

"அழுவாத. கீபோர்டு நனையுது."

லாஸ்லோவின் மின்னஞ்சல் முகவரிக்கு, அந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று ஒரு வரி அனுப்பினேன். வியாழக்கிழமை என்னை அழைத்தார்கள். ஹெச்.ஆர். அதிகாரியின் முகம் கடுகடுவென்று இருந்தது. ஆடி என்றால் என்ன என்று லாஸ்லோ கேட்க, இவர் ஏதோ மழைக்காலம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். "குடும்ப விஷயத்த இப்படி ஊரறியப் போடலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். அவர் போன் போட்டு என் குடும்பத்தில் பேசியது மட்டும் எந்த விஷயத்தில் சேர்த்தியோ. லாஸ்லோ சுருக்கமாகப் பேசினார். இந்தப் பெண் வருகிறேன் என்கிறாள், இதற்குமேல் எனக்கு யாருடைய பதில் வேண்டும் என்று கேட்டார். பெயர் சேர்ந்தது.

6

சேர்ந்ததன் விலையையும் சொல்ல வேண்டும். சங்கத்தில் அத்தானுக்கு ஆகாத ஒருவர் என் அறிவிப்பைத் தாளில் அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்திருக்கிறார். "உங்க கொழுந்தியாவே உங்களப் பொய்க்காரருங்காளே" என்று கேட்டிருக்கிறார். அத்தான் துணைச் செயலாளர் பதவியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஆடி மூன்றாம் வாரம் கிளம்பினேன். விமான நிலையத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஸ்டெல்லாவும் அவள் அண்ணனும் வந்தார்கள். இரண்டு வருடம் முடிந்தும் இங்கேயே தங்கினேன். பிறகு கூட வேலை பார்த்த மதுரைக்காரரை ஊரில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, அத்தான் சம்மதம் என்று அக்கா மூலம் சொல்லி அனுப்பினார், அட்சதை போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் உள்ளே நுழைந்தால் அவர் ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சோறு போட்டுத் தேய்ந்துபோனாள். நான் செய்தது சரி என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அவர் இல்லாமல் சாப்பிட்ட சாப்பாடு ஒன்றும் ருசிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அவர் மேல்தான் எரிச்சல்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீடியோவில் வந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று யாரையோ பார்த்தாள். படம் ஆடியது, ஒரு முழங்கை தெரிந்தது, பிறகு மிக அருகில் ஒரு நரைத்த மீசை.

"கனி."

"சொல்லுங்க அத்தான்" என்றேன்.

முந்தாநாள்தான் பேசி விட்டதுபோல மகளைப் பற்றி ஆரம்பித்தார். "காவ்யா இஞ்சினியரிங் முடிச்சிட்டா. ஒரகடத்துல கார் கம்பெனிக்கெல்லாம் எழுதிப் போடுதா. வேலை குடுக்குதவன் நெட்டுல ஆளப் பாக்கானாம். அவளுக்கு ஒரு பக்கம் போடணும். நீ இதுல கெட்டிக்காரி. என்ன எழுதணும்னு சொல்லு, நான் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கேன்."

இத்தனை வருடம் முகம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை அதைப் பற்றி இல்லை. நேரே வேலைக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பழைய பக்கம் இன்னும் அப்படியே இருக்கு அத்தான். போன வாரம் என் ஆபீசே பாத்துச் சிரிச்சுது."

"தெரியும்" என்றார். "நீ போன மறுவாரமே எடுக்கச் சொல்லிட்டேன். அதச் செஞ்சு குடுத்தவன் துபாய்க்குப் போயிட்டான், பாஸ்வேர்டும் அவன்கூடப் போயிருச்சு. எத்தன பேருகிட்டக் கேட்டேன்னு உங்கக்காவக் கேளு. இப்பவும் அப்பப்ப அடிச்சுப் பாக்கேன். போகமாட்டேங்கு."

பின்னால் அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"சரி, சொல்லு. முதல்ல என்ன போடணும்?" என்றார். பேனா மூடியைக் கழற்றினார்.

"காவ்யா எங்க?"

"இங்கதான் நிக்கா."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்கீங்க அத்தான்?"

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டு, "ஏம்மா, இங்க வந்து உக்காரு. உன்னப் பத்தி என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

காவ்யா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கல்லூரியில் செய்த வண்டி, அதில் எது ஓடியது, எது ஓடவில்லை, பெயின்ட் அடிக்கும் பிரிவு வேண்டாம், இன்ஜின் பிரிவுதான் வேண்டும், இரவு ஷிப்டு பார்ப்பேன், புனேக்குப் போகச் சொன்னாலும் போவேன், வெளிநாடு என்றாலும் போவேன் என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனாள். அத்தான் நிமிரவே இல்லை. தாளைத் திருப்பினார்.

"மெதுவாச் சொல்லும்மா" என்றார். "எழுத வேண்டாமா?"